பலகை பார்த்துப் பெண் பார்த்தவர்கள்

விளம்பர வாசகம் எழுதுகிறவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அது அவர்களுடைய நல்ல காலம். நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பஸ்ஸில் தினமும் போக, வர, அவர்கள் எழுதியதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். திருவிதாங்கூர், கொச்சி என்று இரண்டு பெயரை ஒட்டவைத்த ராஜ்யத்தில் நாங்கள் இருந்த காலம். குளச்சலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு டீச்சர் வேலை. எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் இருந்தது. வரப்பில் நடந்து ரோட்டுக்கு ஏறினால் ஆலமூடு என்று ஒரு நிறுத்தம். அங்கே ஏறி உட்கார்ந்தால், குளச்சல் மீன் வாடை மூக்கில் ஏறும்வரை எனக்குப் படிக்கக் கிடைத்தது அந்தப் பலகைகள்தான்.

தகரத்தில் வண்ணம் பூசி எழுதி, ஜன்னலுக்கு மேலே வரிசையாக அடித்திருப்பார்கள். ஒரு தலைவலித் தைலத்துக்கு, "நேற்று இருந்தது, இன்று எங்கே?" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வழுக்கைத் தலையர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவன் எதைத் தேடுவான்? ஒரு சோப்புக்கு, "அவளுக்கும் இதுவேதான்" என்று இருந்தது. எவளுக்கு என்று பார்த்தால் படத்தில் ஒருத்தியும் இல்லை, ஒரு தாமரைப்பூ இருந்தது. சைக்கிள் டயர் விற்கிற ஒருவர், "யானைக்கும் அடி சறுக்கும். எங்களிடம் யானை இல்லை" என்று எழுதி வைத்திருந்தார். யானை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அதை மெனக்கெட்டு எழுதிய மகான் ஒருவர் எங்கேயோ மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இவையெல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து வருகின்றன என்று கண்டக்டர் சொல்வார். ஒருத்தர் இங்கிலீஷில் நினைத்து, ஒருத்தர் மலையாளத்தில் எழுதி, இன்னொருத்தர் தமிழில் தள்ளிவிடுவதாக நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து, 'அண்ணாச்சி, நாம என்ன விக்கோம்?' என்று கேட்டுக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் ஸ்லேட்டைத் திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்வேன்.

ஒரு குடைக் கம்பெனிப் பலகை இருந்தது. "சிந்தித்தவர் வாங்கினார். வாங்கியவர் சிந்திப்பதில்லை." அதை எழுதியவரும் சிந்திக்கவில்லை என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்தது. ஆடிச் சாரல் அடிக்கிற ஒரு காலையில் பஸ்ஸின் கூரை ஒழுகியது. நடு சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டார். குடைக் கம்பி அக்கம்பக்கத்தார் கண்ணைக் குத்தப் பார்க்க, கண்டக்டர் சத்தம் போட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் அந்தப் பலகையை நிறுத்தி நிறுத்தி வாசித்தது. பிறகு சொன்னது: "வாங்கினவரு சிந்திக்காதது நல்லதாப் போச்சு. சிந்திச்சிருந்தா இந்த வண்டியில ஏறியிருக்க மாட்டாரு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெண்கள் சீட்டிலிருந்து ஒருத்தி சத்தமாகச் சிரிப்பது அன்றைக்குப் பெரிய சங்கதி. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பை, இரணியல் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவரும் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பலகை ஏதாவது புதிதாக வந்தால் நான் அதை வாசித்துவிட்டு, அவர் வாசித்துவிட்டாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அவரும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஊரில் மூளை உள்ள ஆள் ஒருத்தராவது இருக்கிறார் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்போது வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளை வேலையை விட்டிரும் இல்லா?" ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து புளி உருட்ட ஆள் வேண்டும் என்பதை மறைக்கக்கூட இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. என் சம்பளம் இல்லாமலும் வீட்டு அடுப்பு எரியும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு இருந்து கணக்குப் போடுகிற அந்த வகுப்பை விட்டுவிட்டு, ஒருத்தன் வீட்டுப் புளிப்பானைக்குக் காவல் இருக்க எனக்கு மனசில்லை. அம்மாவிடம் அதை வெளிப்படையாகவே சொன்னேன். "ஏட்டி, நீ மாப்பிளை தேடுகியா, மானேஜர் தேடுகியா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தரகர் கோர்ட் குமாஸ்தாவின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். அவர் வீட்டிலிருந்தே கேட்டு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு செய்தியும் சொன்னார். "பிள்ளை வேலைக்குப் போகட்டும், எனக்குச் சந்தோசந்தான்னு பையனே சொல்லியாச்சு. கல்யாணத்துக்குப் பொறவும் ரெண்டு பேரும் ஒரே வண்டியில போவாவ, வருவாவ." ஜாதகம் பொருந்துகிறதா என்று பார்க்கிறதற்கு முன்பே நான் உள்ளேயிருந்து சம்மதம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் சொல்லி அனுப்பிய அந்த ஒரு வாக்கியம் அதைவிடப் பிடித்திருந்தது.

அவருக்கு அப்பா இல்லை. வீட்டை ஆண்டது அம்மாவன், அதாவது தாய்மாமன். எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்குப் போகும். சட்டம் போட்டு அந்த மருமக்கள்வழியை ஒழித்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. சட்டம் வழியைத்தான் ஒழித்தது, மாமன்களை ஒழிக்கவில்லை. இவருடைய அம்மாவனுக்கு நூல் சாத்திப் பார்ப்பதில் பெரிய பெயர். பதிகப் புத்தகத்தை மூடி வைத்துக் கும்பிட்டு, ஏட்டுக்கு நடுவில் ஒரு நூலைச் செருகி, விழுந்த பக்கத்தில் வருகிற பாட்டைச் சாமியின் வாக்காக எடுத்துக்கொள்வது. மாடு வாங்க, வயல் விற்க, கேஸ் போட, பேதிக்கு மருந்து சாப்பிட எல்லாவற்றுக்கும் நூல் சாத்தினார். வாக்கு சரியாக அமையாவிட்டால் அவருக்குப் பிடித்த மாதிரி அமைகிறவரை மறுபடியும் சாத்துவார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெண் பார்க்க வருகிற நாள் குறித்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பஸ்ஸில் ஒரு புதுப் பலகை வந்தது. மற்றவை ஜன்னலுக்கு மேலே இருந்தால், இது டிரைவருக்குப் பின்னால், ஏறுகிறவர்களுக்கு நேர் எதிரே, கதவு அகலத்துக்கு இருந்தது. ஒரு பெண் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையை முன்னால் நீட்டித் தடுக்கிறாள். கீழே சிவப்பில், "வேண்டாம்! வேண்டாம்! இது வேண்டாம்!" என்று இருந்தது. எது வேண்டாம்? எந்தக் கம்பெனி? என்ன சரக்கு? ஒன்றும் இல்லை.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. மதுவிலக்குக்காக சர்க்கார் வைத்தது என்றார் ஒருத்தர். இரண்டாம் தாரம் கட்டுகிறவனுக்குப் புத்தி சொல்லுகிறார்கள் என்றாள் அருமனையிலிருந்து வந்து போகிற ஒரு அம்மாள். தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேர வேண்டும் என்று மூலைக்கு மூலை கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். "வேண்டாம்னா வேற என்ன, திருவனந்தபுரம் வேண்டாம்" என்று ஒரு காலேஜ் பையன் கையைத் தட்டினான். மறுநாளே தக்கலையில் ஒரு போலீஸ்காரர் ஏறி, அந்தப் பலகைக்கு முன்னால் லத்தியை ஊன்றி நின்று, "எந்தா வேண்டாத்தது?" என்று கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர், "எனக்கு இந்த வேலையே வேண்டாம் ஏமானே" என்றார். போலீஸ்காரர் பலகையின் பின்பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். இரணியல் கோர்ட் குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இந்த மனிதரோடு இன்னும் நாற்பது வருஷம் இந்த வண்டியில் போகலாம் என்று அப்போது நினைத்தேன்.

பெண் பார்க்க வருகிற அன்று அம்மா பாசிப்பயறு வறுத்துப் பொடித்து முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்திருந்தாள். மட்டி வாழைக்குலை ஒன்று பழுத்துத் தொங்கியது. அப்பா அவருடைய கல்யாணத்துக்கு எடுத்தது போன்ற ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். பஸ் வந்து நின்று போகிற சத்தம் வயலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும். முதல் பஸ் போனது. வரப்பில் யாரும் வரவில்லை. அடுத்ததும் போனது. சொந்தக்காரர்கள் முந்திரிக்கொத்தை எடுத்து மென்றுகொண்டே சமாதானம் சொன்னார்கள். வெயில் சாய்ந்து, அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். வேட்டி கசங்கக் கூடாது என்று காலைக்கூட மடக்கவில்லை.

சேதி மறுநாள் கண்டக்டர் மூலமாக எனக்குக் கிடைத்தது. நான் ஏறினதும் அவர் டிக்கெட் கிழிக்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், நேத்து ஒங்க வீட்டுக்கா கொஞ்சம் ஆளுவ வந்தாவ? தாம்பாளம், பூ எல்லாம் கொண்டு வந்தாவளே?"

"வரேல்லியே."

"வந்தாவ டீச்சர். நாகர்கோயில்ல ஏறுன ஒடனே கூட்டம் நெருக்கிச்சு, ஒண்ணும் தெரியேல்ல. பார்வதிபுரத்துல ஆள் எறங்கி முன்னால ஒதுங்குனப்ப, அந்த வயசானவரு இந்தப் பலகையைப் பாத்தாரு. கண்ணாடியைப் போட்டு மறுபடியும் பாத்தாரு. பொறவு ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாரு. விசில் அடிலே, எறங்கணும்னாரு. சுங்கான்கடையில எறங்கி எதிர்த்த பக்கம் போய் நின்னுட்டாவ."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

சாயங்காலம் தரகர் வந்து மீதியைச் சொன்னார். அன்று காலை அம்மாவன் நூல் சாத்தியிருக்கிறார். விழுந்த பாட்டில் கல்யாணத்துக்கு ஆம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. போகிற வழியில் வாக்கு கிடைக்கும் என்று சொல்லிப் புறப்பட்டிருக்கிறார். வழியில் எதைப் பார்ப்பார்? பழைய காலம் என்றால் நிறைகுடம் வரும், பசுமாடு வரும். பஸ்ஸில் எது வரும்? கண்ணுக்கு நேராக ஒரு பெண் கையை நீட்டி, வேண்டாம், வேண்டாம், இது வேண்டாம் என்கிறாள். இதைவிடத் தெளிவாகச் சாமி எப்படிச் சொல்லும் என்று கேட்டாராம். பதிகத்தில் கிடைக்காத வாக்கு பலகையில் கிடைத்தது. யாரோ ஒரு முட்டாள் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து அரைகுறையாக எழுதினான். அதைவிடப் பெரிய முட்டாள் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அதை நிறைவு செய்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், நம் வீட்டில் நடக்காத வரைக்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. பலகை தள்ளின பிள்ளை என்று எனக்குப் பெயர் வந்தது. பாதி வழி வந்தவர்கள் திரும்பினார்கள் என்றால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது, பலகை ஒரு சாக்கு என்று பேசினார்கள். குளத்தில் குளிக்கப் போனால் பெண்கள் என் முதுகையும் காலையும் உற்றுப் பார்த்தார்கள், தேமல் கீமல் இருக்கிறதா என்று. அடுத்து வருவதாக இருந்த ஒரு வரனும் நின்றுபோனது. அப்பா வயலுக்குத் தெரு வழியாகப் போகிறதை விட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டிப் பின்பக்கமாகப் போகத் தொடங்கினார். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவர் ஒருத்தருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். அவரைச் சேற்றில் இறங்கி நடக்கவைத்தது ஒரு தகரத் துண்டு.

இதற்கிடையில் அம்மா ஒரு புது யோசனை கொண்டுவந்தாள். பஸ்ஸில் போவதால்தானே இவ்வளவும் வந்தது, பேசாமல் வேலையை விட்டுவிடு, புளிக்கடைக்காரர் வீட்டில் இன்னும் ஒருத்தன் இருக்கிறான் என்றாள். அப்பா, "பொறு, பாப்போம்" என்று சொன்னதால் என் வேலை தப்பியது. அந்தப் 'பாப்போம்' எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆகாமல் ஒருத்தி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதை ஊர் ஒரு அளவுக்குத்தான் பொறுக்கும்.

குமாஸ்தா கொஞ்ச நாள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. முந்தின பஸ்ஸுக்குப் போய்விடுகிறார் என்று கண்டக்டர் சொன்னார். பிறகு ஒரு நாள் வந்தார். பெண்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகப் பேசினார். அதுதான் அவர் என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு.

"டீச்சர், அம்மாவன் ஒண்ணு சொன்னா மறுத்துப் பேச முடியாது. ஒங்களுக்குத் தெரியாததில்ல."

"நீங்களும் அந்தப் பலகையைப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"என்ன தோணிச்சு?"

"சிரிப்புத்தான் வந்தது."

"சிரிச்சியளா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இல்ல. எறங்கினேன்" என்றார்.

எனக்கு அம்மாவன்மேல் வந்த எரிச்சல் வேறு வகை. அந்தக் கிழவர் நம்பினார், நம்பினதைச் செய்தார். இவர் நம்பவில்லை. நம்பாமல், முட்டாள்தனம் என்று தெரிந்து, தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறார். என்னோடு சேர்ந்து கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் இவர்தான். அந்தச் சிரிப்பு என்ன விலைக்குப் போகும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அன்று நான் இரணியல் வரும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் பலகையை மாற்றினார்கள். அதே இடம், அதே பெண். இந்தத் தடவை முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். கையில் ஒரு பல்பொடி டப்பா. "வேண்டும்! வேண்டும்! இதுவே வேண்டும்!" என்று கீழே எழுதியிருந்தது. அவள் முதல் பலகையில் வேண்டாம் என்று தள்ளியது உமிக்கரியை. எங்கள் பக்கம் எல்லாரும் நெல் உமியைக் கரித்துத்தான் பல் தேய்ப்போம், பல்லும் கல்லுப்போல இருக்கும். அந்த உமிக்கரியை வரையாமல் விட்டதும், கம்பெனியின் பெயரைப் போடாததும், பார்க்கிறவர்களின் ஆவலைத் தூண்டுவதற்காகவாம். தூண்டினார்கள். ஒரு பல்பொடியின் பூர்வாங்கத்துக்காக என்னை நடுவழியில் இறக்கிவிட்டார்கள்.

அம்மாவனுக்கு இரணியல் கோர்ட்டில் ஒரு வரப்புக் கேஸ் இருந்தது. வாய்தாவுக்குப் போகும்போது புதுப் பலகையைப் பார்த்திருக்கிறார். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் கும்பிடு என்று கண்டக்டர் நடித்தே காட்டினார். அடுத்த நாள் தரகர் வந்து நின்றார். "தடை நீங்கிப் போச்சு. சாமியே திருத்திச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வாறோம்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா அழுதாள், சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள், பாசிப்பயறு வறுக்க உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஒனக்கு என்ன தோணுகு மக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் குமாஸ்தாமேல் ஆத்திரம் இருந்தது. ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே பானையில் கொதித்தன. வேறு யாரும் இனி வரப்போவதில்லை என்பதும் தெரியும். வேலைக்குப் போகட்டும் என்று சொன்ன ஆள் அந்த வட்டாரத்தில் இவர் ஒருத்தர்தான். இவரை விட்டால் புளிப்பானை. படி இறங்கினவர் திரும்பப் படி ஏறி வருகிறாரே, அதற்காவது ஒரு மதிப்புக் கொடுக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். "வரட்டும்ப்பா" என்றேன்.

வந்தார்கள். அம்மாவன் முன்னால், குமாஸ்தா பின்னால், நடுவில் தாம்பாளங்கள். உட்கார்ந்ததும் அம்மாவன் நடந்ததற்கு வருத்தம் சொல்லுவார் என்று அப்பா எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னது வேறு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"மொதல்ல வேண்டாம்னு வாக்கு வந்துது. கேட்டோம். இப்ப வேண்டும்னு வந்திருக்கு. கேக்கோம். நம்ம கையில என்ன இருக்கு? பாத்தியளா, அதே பொம்பளை. மொகத்தைத் திருப்பினவ இப்ப சிரிக்கா."

"அது பல்பொடி இல்லா?" என்றார் அப்பா மெதுவாக.

"பொடி வேற. வாக்கு வேற."

சொந்தக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். பொடி வேறு வாக்கு வேறு என்பதில் என்ன விளங்கியதோ, ஒருத்தர் "ஆமா, ஆமா" என்றுகூடச் சொன்னார்.

காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும், அதுதான் வழக்கம். நான் அங்கேயே நின்றேன். அம்மா பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள். நான் குமாஸ்தாவைப் பார்த்துப் பேசினேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸில் பார்த்த அதே முகம்தான்.

"கல்யாணத்துக்குப் பொறவும் நான் வேலைக்குப் போகலாம்னு சொன்னியளாம். நாளைக்கு அது வேண்டாம்னு ஒரு பலகை சொன்னா என்ன செய்விய?"

இதைவிட எளிதான ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. 'போய்யா பலகை' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல், அன்று மழையில் சிரித்தாரே, அப்படி ஒரு தடவை சிரித்திருந்தால் போதும். நான் தாலிக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன். ஊர் பேசினது, குளத்தில் என் முதுகைப் பார்த்தது, எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு தலையைத் திருப்பி, என்ன சொல்லலாம் என்று அம்மாவன் முகத்தைப் பார்த்தார்.

அம்மாவன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அது அப்பப் பாத்துக்கிடலாம் மக்கா. வாக்கு எப்பிடி வருகோ அப்பிடி" என்றார். குமாஸ்தா, அதுதான் தன் பதிலும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். முந்திரிக்கொத்துத் தட்டை அப்போதுதான் அம்மா கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இன்னும் யாரும் ஒன்றுகூட எடுக்கவில்லை. அப்பா எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வாசல் கதவை முழுக்கத் திறந்து, அம்மாவனைப் பார்த்து மரியாதையாகக் கை கூப்பினார்.

"நாகர்கோயில் வண்டிக்கு நேரமாச்சு. இப்ப எறங்கினா ஆலமூட்டில பிடிச்சிரலாம்" என்றார்.